லேபிள் இல்லாத தீப்பெட்டி

அறுபதுகளில், அச்சு இயந்திரம் பார்க்க எங்கள் சிவகாசி முதலாளியோடு கொரியாவின் சியோல் நகருக்குப் போயிருந்தேன். விடுதிக்காரர் ஒரு தீப்பெட்டியைத் தந்து, "வழி தவறினால் லேபிளில் உள்ள முகவரியை டாக்சிக்காரரிடம் காட்டுங்கள்" என்றார்.

மறுநாளே சந்தையில் வழி தவறினோம். எங்கள் இங்கிலீஷ் ஒருவருக்கும் புரியவில்லை. குளிரில் விறைத்துப்போய் ஒரு டாக்சியை நிறுத்தித் தீப்பெட்டியை நீட்டினேன். அந்த மனிதர் ஒரு குச்சியை உரசித் தன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, தலை வணங்கிப் பெட்டியைத் திருப்பித் தந்தார்! எரிச்சலாக வந்தது. அப்புறம்தான் பெட்டியைப் பார்த்தேன். தீப்பெட்டி லேபிள் அடிக்கும் எங்கள் அச்சகத்துக்கு மாதிரி வேண்டுமே என்று, காலையில் லேபிளை நனைத்து உரித்து அறையில் காயப்போட்டவன் நான்தான்.

"ஏலே, ஊருல லேபிள் ஒட்டுற பய, இங்கன வந்து உரிச்சிருக்கியேலே!" என்று முதலாளி கத்தினார். கால் கடுக்க அலைந்துதான் விடுதி சேர்ந்தோம்.

இப்போதெல்லாம் எந்த ஊர் விடுதியிலும் இரண்டு தீப்பெட்டி கேட்டு வாங்குகிறேன். ஒன்று காட்ட, ஒன்று உரிக்க.