அணிசேராத வீடு

பெங்களூரில் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் கன்னடம், தமிழ், உருது மூன்றும் கலந்து ஓடும். காவிரி என்ற பேச்சு எழுந்தால் மட்டும் எல்லோரும் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறிவிடுவோம். ஊரிலிருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். தொண்ணூற்றொன்றில் கலவரம் நடந்தபோது நான் இங்கே புதுசு. பிரேசர் டவுன் வாடகை வீட்டில் தமிழ் ரேடியோவைக்கூடச் சத்தம் வெளியே போகாமல் வைத்துக் கேட்டிருக்கிறேன். அந்தப் பயத்தில்தான் கன்னடம் கற்றேன், நன்றாகவே.

நான் நடத்தும் பாடம் அரசியல் அறிவியல். சில நாடுகள் ஏன் எந்த ராணுவக் கூட்டணியிலும் சேருவதில்லை என்று வருடாவருடம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பக்கம் சேர்ந்தால் அடுத்தவர் சண்டை நம் வாசலுக்கு வந்துவிடும். வல்லரசுக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன நாடு அதன் கோபத்தைச் சம்பாதித்துக்கொள்ள முடியாது. புதிதாக விடுதலை பெற்ற நாடு இன்னொருவர் சொல்லுக்கு ஆட விரும்பாது. இரண்டு பக்கமும் நம்பினால் நடுவில் நின்று சமாதானமும் பேசலாம். இந்தக் கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். பெங்களூரில் நானே அப்படி ஒரு நாடு என்று நினைப்பு.

சில வருடங்கள் கழித்துக் காவிரி மறுபடி கொதித்தபோது தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அப்பா வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நஞ்சே கௌடர், கர்நாடகத்தில் காவிரி பாயும் மண்டியா மாவட்டத்துக்காரர், மரியாதைக்காக அவரைப் பார்க்க வந்தார். காப்பி கொடுத்துவிட்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

"நாத்தெல்லாம் கருகிப் போச்சு. அணையைப் பூட்டி வச்சுக்கிட்டு இவங்க வேடிக்கை பாக்குறாங்கன்னு சொல்லும்மா" என்றார் அப்பா.

இந்த வருடம் எங்குமே மழை இல்லை என்கிறார் என்று கன்னடத்தில் சொன்னேன். கௌடர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மண்டியாவில் தன் அண்ணனும் நடவு செய்யவில்லை, தண்ணீர் இருந்தால்தானே விடுவது, உங்கள் ஊரில் அதை யார் காதில் வாங்குகிறார்கள் என்றார். குரல் உயர்ந்திருந்தது.

"உங்களுக்காக ரொம்ப வருத்தப்படுறாருப்பா" என்றேன்.

அப்பா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கௌடர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வாசல்வரை போய் வழியனுப்பியபோது கௌடர் தமிழில் பேசினார்.

"மேடம், நான் ஓசூர் எல்லையில, அத்திபெலேல பத்து வருஷம் கடை வச்சிருந்தவன். அப்பா பேசினது எல்லாம் எனக்கு அர்த்தம் ஆச்சு. அவர் சொன்னதுல ஞாயம் இருக்கு. நான் சொன்னதுலயும் இருக்கு. நீங்க சொன்னதைத்தான் யாருமே சொல்லலை."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"நீங்க ஆரம்பிச்சிட்டீங்க. பெரியவர் முன்னாடி உங்களை எப்படி விட்டுக்கொடுக்கறது?"

கூனிக் குறுகிப் போனேன். நான் யாருக்கும் சமாதானம் பேசவில்லை. என் வீட்டில் சத்தம் எழக்கூடாது என்று இரண்டு பேர் வாயையும் அடைத்திருந்தேன்.

மறுநாள் காலை அப்பா ஊருக்குக் கிளம்பினார். கௌடர் தன் வீட்டு கேட்டருகே வந்து நின்றார். ஆட்டோவில் ஏறுமுன் அப்பா சொன்னார்:

"பட்டணத்து மனுஷன். வயக்காட்டுக் கஷ்டம் இவருக்கு எங்க தெரியப்போவுது? ஆனாலும் வருத்தப்பட்டாரு பாரு. போயிட்டு வரேன்னு சொல்லும்மா."

கௌடர் காதில் எல்லாமே விழுந்தது. அவர் என்னையே பார்த்தார். மண்டியாவில் காய்ந்து கிடக்கும் அந்த வயலைப் பற்றி அப்பாவிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். இரண்டு கேட்டுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, அப்பா போய்வருகிறாராம் என்று மட்டும் கன்னடத்தில் சொன்னேன், தமிழ் தெரிந்த அந்த மனிதரிடம்.