மாமா இருந்த சுவர்

பருத்திப்பட்டு ஏரிக்குப் போகிற வழியில் நீளமாக ஒரு சுவர் உண்டு. செத்துப்போன என் தாய்மாமன் அந்தச் சுவரில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். லாரி மோதிப் போய்ச் சேர்ந்தபோது ஸ்டாண்டு நண்பர்கள் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அது. காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எது வந்தாலும் அவர்மேல் மட்டும் யாரும் ஒட்டவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா முந்தானையால் அவர் முகத்துத் தூசியைத் துடைப்பாள். எனக்கு மானம் போகும். மூன்றாம் வகுப்புப் படிக்கிறவளுக்கும் மானம் உண்டு.

சுவருக்கு உள்ளே குப்பைமேடாகக் கிடந்த இடத்தை, எதிரே இருந்த அடுக்குமாடிக்காரர்கள் சுத்தம் செய்து தோட்டமாக்கினார்கள். கீரை முளைத்ததைப் படம் எடுக்கக் கூட்டம் வந்தது. பறிக்கத்தான் ஆள் இல்லை. பிறகு சுவர் அசிங்கமாக இருக்கிறது, ஓவியம் வரையலாம், தெருப் பிள்ளைகளும் வாருங்கள் என்றார்கள். அந்த அடுக்குமாடியில் குடியிருந்த ஐ.டி. கம்பெனி அக்கா ஒருவர் சுவரைப் பங்கு பிரித்து, போஸ்டரைச் சுரண்டிவிட்டு ஆளுக்கொரு சூரியகாந்திப் பூவுக்கு வண்ணம் அடிக்கச் சொன்னார். மாமா இருந்த இடத்தை நானே கேட்டு வாங்கினேன். சொந்தக்காரி என்கிற உரிமைதான்.

சுரண்டப் போகும்போது அம்மா ஒரு வாளி வெந்நீரோடு வந்துவிட்டாள்.

“கிழிக்காத கண்ணு. முழுசா எடுத்துகினு ஊட்டுக்குப் போய்டலாம்.”

வீட்டில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தில் மாமா சிரிக்கவில்லை. அம்மா துணியை நனைத்து நனைத்து ஒற்றினாள். நண்பர்கள் பாசத்தில் மைதா பசையை அள்ளிப் பூசியிருந்தார்கள். நெற்றி வந்தது, பாதி மீசை வந்தது, மற்றதெல்லாம் கூழாகிவிட்டது. பக்கத்துப் பிள்ளைகள் வண்ணம் அடிக்கத் தொடங்கிவிட்ட ஆத்திரத்தில் நான் குதித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சுவர் தெரிந்தது. மழையில் ஊறி இறங்கிய மையில் மாமாவின் முகம் மங்கலாக அதில் ஒட்டியிருந்தது. ஈரக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா அதையே பார்த்தாள்.

விஷயம் தெரிந்து அக்கா பதறிப்போனார். பூவுக்குப் பதில் மாமாவையே வரைந்துவிடலாமா என்று கேட்டார்.

“வேணாம்மா. உசுரோட இருந்தப்பவே அவன் ஒரு எடத்துல நிக்க மாட்டான். பூவே போடுங்க.”

அக்கா வரைந்து தந்த பூவுக்கு நான் மஞ்சள் அடித்தேன். இதழ்களுக்குள்ளே மாமா தெரிந்தார். அம்மா எதிர்ப்புறம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் சரியாக அடிக்காததால்தான் அழுகிறாள் என்று தோன்றியது. காய்ந்ததும் இன்னொரு கோட் அடித்தேன். மாமாவின் கண்கள் மட்டும் மிச்சமிருந்தன. அம்மா எழுந்து கிட்டே வந்து நின்றாள். நான் டப்பாவின் அடியில் இருந்த கெட்டி மஞ்சளை வழித்து அவற்றையும் மூடினேன்.

“இப்ப எப்டிம்மா கீது?”

“நல்லாக் கீது கண்ணு.”

அவள் அழுகை நின்றுவிட்டது. பூ அவ்வளவு அழகாக வந்துவிட்டதால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.