முனீபுக்குச் சொன்ன விலை

ஸைனுலாப்தீனின் இரண்டு கைகளும் பெற்றோலில் இருந்தன. வெட்டிய தகரப் பேணிக்குள் படகு எஞ்சினின் பிளக்கைப் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்ததும், “அக்கா, அதை ஸ்பீக்கரில போடுங்க” என்று என்னிடம் சொன்னார். நான் போட்டேன். கைகள் சும்மா இருந்திருந்தால் அந்தக் கதை எனக்கும் அவருடைய மனைவி ஸல்ஹாவுக்கும் கேட்டிருக்காது.

“நானா, லீக்கில இருந்து என்ட ஒப்பந்தப் போமை அனுப்பியிருக்காங்க. ஒரு சீசன், மாசம் இருபத்தையாயிரம் எண்டு போட்டிருக்கு. அடியில உங்கட கையெழுத்து. அது நீங்க வச்சதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

பேசியது முனீப். மூதூர்ப் பொடியன், எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தில் நடுக்களம் ஆடுகிறவன். ஸைனுலாப்தீனை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவான்.

ஸைனுலாப்தீன் பிளக்கைக் கீழே வைக்கவில்லை. “என்ட கையெழுத்துதான்” என்றார். அந்த விலை தான் சொன்னதல்ல என்று சொல்ல வாயெடுப்பதற்குள் முனீப் போனை வைத்துவிட்டான்.

நான் பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள். ஸல்ஹாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த நாளிலிருந்து, மூன்று வருடமாக, அன்புவழிபுரத்திலிருந்து பஸ் ஏறி இந்தக் குறிஞ்சாக்கேணி வீட்டுக்கு வருகிறேன். வீட்டின் முன்பக்கம் அவருடைய எஞ்சின் பட்டறை. கதவைத் திறந்து வைத்தால் கட்டிலிலிருந்து எல்லாம் தெரியும்.

ஸைனுலாப்தீன் பன்னிரண்டு வருடமாகக் கழகச் செயலாளர். எந்த ஆட்டக்காரனை இன்னும் வைத்திருப்பது, என்ன விலைக்கு என்று நிர்வாகம் கூடித்தான் முடிவெடுக்கும். ஆனால் அவர் கொண்டுபோகிற பட்டியலில் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. ஆட்டம் பார்க்க அவர் மைதானத்துக்குப் போவது எழுபதாவது நிமிடத்தில்தான்.

“முதல்ல எல்லாரும் ஓடுவானுகள், அக்கா. கடைசி இருபது நிமிசத்துக்குத்தான் நாங்க காசு குடுக்கிற.”

“பட்டறையை மூடப் பஞ்சி, சோம்பல். அதுக்கு ஒரு சாத்திரம்” என்று தலைவர் ஆதம்பாவா நக்கலடிப்பார். ஆதம்பாவா ஸல்ஹாவின் மூத்த சகோதரர். அவருடைய மகன் நுஸ்கியும் கழகத்தில் ஆடுகிறான். நல்ல வேகம், ஆனால் அறுபது நிமிடத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பான்.

இந்த வருடப் பட்டியலில் முனீபுக்கு இரண்டு சீசன், மாதம் ஐம்பத்தையாயிரம். நுஸ்கிக்கு ஒரு சீசன், இருபத்தையாயிரம். நிர்வாகம் தலையாட்டியது, ஆதம்பாவாவும்தான். மட்டக்களப்புக் கழகம் ஒன்று முனீபை அறுபதுக்குக் கேட்டிருந்தது. “அதை விடு, இரண்டு சீசனுக்கு நான் பொறுப்பு” என்று ஸைனுலாப்தீன் என் முன்னால்தான் சொன்னார். முனீப் விட்டான்.

இனி அந்தப் போம்கள். மூதூரிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வருகிறவர்களை இரண்டு தரம் அலைக்க வேண்டாம் என்று, விலை முடிவாகும் முன்பே ஆட்டக்காரனும் செயலாளரும் வெறும் போமில் கையெழுத்து வைத்துவிடுவார்கள். தொகையும் காலமும் பிறகு எழுதுவது. பன்னிரண்டு வருடமும் அப்படித்தான். ஒருவரும் ஏமாந்ததில்லை. “தொகையை நானா எழுதுவீங்கதானே” என்று சிரித்துக்கொண்டுதான் முனீபும் கையெழுத்து வைத்தான். போம்கள் இருந்த பச்சை பைலும் கழக முத்திரையும் ஸல்ஹாவின் அலுமாரியில் இருந்தன.

ஸைனுலாப்தீன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து அலுமாரியைத் திறந்தார். பச்சை பைலில் இரண்டு போம் குறைந்தது.

“இதை ஆரு திறந்த?”

“நான்தான் தம்பி” என்றேன். “செவ்வாய்க்கிழமை நீங்கள் நிலாவெளிக்கு எஞ்சின் பார்க்கப் போன நேரம் தலைவர் வந்தவர். பைலை எடுத்துக் குடுங்கோ எண்டு ஸல்ஹா சொன்னவ. குடுத்தனான்.”

அவர் ஸல்ஹாவைப் பார்த்தார். ஸல்ஹாவின் பேச்சு குழறும், பழகினவர்களுக்குத்தான் விளங்கும். அன்று நன்றாகவே விளங்கியது.

“எனக்குத் தெரியும். நானா என்னத்துக்குக் கேட்டார் எண்டு சொல்லித்தான் கேட்டார். ஆஸ்பத்திரியில என்ட செலவெல்லாம் ஆரு பாத்த? அவர்ட மகனுக்கு ஒரு தாள் கேட்டா ஏலா எண்டு நான் எப்பிடிச் சொல்ற?”

“என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்க விடமாட்டீங்க.”

விடமாட்டார்தான்.

ஆதம்பாவாவைக் கூப்பிட்டார். அசர் தொழுகைக்குப் பிறகு வந்தவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இதென்ன மச்சான், பெரிய கொலைக்குத்தமா? ரெண்டு தொகையை மாத்திப் போட்ட. அவ்வளவுதான். முனீபுக்கு முப்பது வயசு. கணுக்கால் போனவனுக்கு ஐம்பத்தையாயிரமா?”

“அந்தக் கணுக்காலைப் பார்த்தது நான்” என்றேன். “ஆறு கிழமை கட்டுப் போட்டது. இப்ப ஒரு குறையும் இல்லை.”

“அக்கா, நீங்க நோயாளியப் பாருங்க” என்றார் அவர்.

ஸைனுலாப்தீன் சத்தம் போடவில்லை. “நீங்க நிர்வாகத்தில தலையாட்டினீங்க. பிறகு என்ட வீட்டுக்குள்ள வந்து என்ட கையெழுத்தை எடுத்திருக்கீங்க. முனீப் இப்ப என்னைத்தான் கள்ளன் எண்டு நினைச்சிக்கொண்டிருக்கான்.”

“பதிவு நாளைக்குப் பகல் பன்னிரண்டு மணியோட மூடுது. அதுக்குப் பிறகு அவன் எங்க போற? ஒரு கிழமையில மறந்திருவான்.”

அவர் போன பிறகு ஸைனுலாப்தீன் முனீபுக்கு ஏழு தரம் அழைத்தார். எடுக்கவில்லை. நான் ஸல்ஹாவுக்குக் கஞ்சி பருக்கி, உடுப்பு மாற்றி, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலை நான் போகும்போது அவர் விழித்துக் காத்திருந்தார். வழமைபோல நான் தோளையும் அவர் காலையும் பிடித்து ஸல்ஹாவைக் கட்டிலிலிருந்து சக்கரக் கதிரைக்கு மாற்றினோம். காலடிப் பலகையில் அவளுடைய வலது பாதம் சரியாக இருக்கிறதா என்று எப்போதும்போலக் குனிந்து பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. ஸல்ஹா இரண்டு தரம் “இஞ்சருங்க” என்று கூப்பிட்டாள். அவர் அலுமாரியிலிருந்து முத்திரையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

அங்கே கழகக் கடிதத்தாளில் விடுவிப்புக் கடிதம் எழுதினார். முனீப் எந்தக் கழகத்துக்கும் போகலாம், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று. செயலாளர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் லீக் ஏற்கும். வெறுமையாகக் கிடந்த இடங்களிலெல்லாம் கோடு இழுத்தார். சாட்சிக்கு என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். முழுவதையும் வாசித்த பிறகே வைத்தேன். “நல்லம் அக்கா” என்றார். மிச்சப் போம்களில் இருந்த தன் கையெழுத்துகளையும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு வெட்டினார். பிறகு மோட்டார் சைக்கிளில் மூதூருக்குப் போனார்.

திரும்பி வரும்போது பத்து மணி.

“கடிதத்தை எடுத்தானா?” என்று கேட்டேன்.

“எடுத்தான். ஒரு வரியும் விடாம வாசிச்சான். மட்டக்களப்புக்காரன் இப்ப நாப்பதுதானாம். அதுக்கே போறானாம். வாசலோட கதைச்சி அனுப்பிட்டான். உள்ள வாங்க எண்டு சொல்லல்ல.”

தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். முத்திரையைப் பழைய பத்திரிகையில் சுற்றி, ராஜினாமாக் கடிதத்தோடு ஒரு பைக்குள் போட்டு, ஆதம்பாவாவின் வீட்டில் கொடுக்கும்படி முச்சக்கரவண்டிக்காரரிடம் அனுப்பினார். பச்சை பைலை எரிக்க அடுப்படிக்குக் கொண்டுபோனார். அலுமாரியை அவர் பூட்டவில்லை. உள்ளே ஸல்ஹாவின் உடுப்புகள் மட்டுமே இருந்தன.