மகளின் கண்ணுக்குப் பால் கேட்டுப் போனது

இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

கொரோனாவால் கம்பஸ் பூட்டிக் கிடந்த வருடம் அது. மகளுக்கு விரிவுரையெல்லாம் கைபேசியில்தான். உள்ளங்கை அகலத் திரையில் எறும்பு ஊர்வதுபோல எழுத்துகள். காலையில் குனிந்தால் பொழுதுபடத்தான் நிமிர்வாள். கொஞ்ச நாளில் கண்கள் சிவந்து நீர் வடியத் தொடங்கின. தலையிடி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்று தோட்டத்துக்குப் போனவன். எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். கண் போய்விட்டால்? படிப்பும் அதோடு போய்விடுமே? வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிவிடும்போதெல்லாம் இதே நினைப்பு.

கண் நோவுக்குத் தாய்ப்பால் விடுவது எங்கள் வீட்டு வழக்கம். சின்ன வயதில் எனக்கும் விட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தது. என் மனைவி உயிரோடு இருந்திருந்தால் அவளே போய்க் கேட்டிருப்பாள். இப்போது நான்தான் போகவேண்டும். அவர்களின் வேலிப் படலை வரை போய்த் திரும்பி வந்து, பிறகும் போனேன். குழந்தையின் தகப்பன் முற்றத்தில் நின்றான்.

"என்ன அண்ணை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"பிள்ளைக்குக் கண் நோகுது தம்பி. கொஞ்சம் பால் வேணும்."

"பால் கடையிலை இருக்கே அண்ணை."

"அந்தப் பால் இல்லையடா."

அவனுக்கு விளங்கியதும் படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உள்ளே இருந்த மனைவியை நோக்கி, "இஞ்சாரும்! அண்ணை உம்மட்டைப் பால் கேட்டு வந்து நிக்கிறார்!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினான். நான் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் ஒரு சின்னப் பேணியில் தந்துவிட்டார்கள்.

அன்றைக்கு மகள் வகுப்பில் ஏதோ விளங்கப்படுத்த வேண்டும், அதற்குப் புள்ளி உண்டு என்பது எனக்குத் தெரியாது. வாசலில் இருந்தே குரல் கொடுத்தேன்.

"பிள்ளை, கொண்டந்திட்டன்! பிள்ளைப்பெத்தவளின்ரை பால். ஆறமுந்தி கண்ணுக்கை விடுவம், வா!"

அவள் கதைப்பதை நிறுத்தினாள். கைபேசிக்குள் கூடப் படிக்கும் ஒரு பெடியனின் குரல் கேட்டது.

"அங்கிள், எனக்கும் ரெண்டு துளி!"

ஒரே சிரிப்பு. "பிள்ளை, மைக்கை ஓஃப் பண்ணிப்போட்டு வீட்டிலை கதையும்" என்றார் விரிவுரையாளர். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வெளியே ஒதுங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிச் சொல்லி முடித்தாள். குரல் மட்டும் இறங்கிப் போயிருந்தது. முடிந்த பிறகு பாயில் படுத்துக்கொண்டு, "விடுங்கோ அப்பா" என்றாள். நான் விட்டதில் பாதி கன்னத்தில் வழிந்து போயிற்று.

விடிந்தும் சிவப்பு மாறவில்லை. தெல்லிப்பழை ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெண் டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணுக்கை ஏதும் விட்டனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை டொக்டர்" என்றாள் மகள், எனக்கு முந்தி.

அவள் எனக்காகப் பொய் சொன்னதுதான் என்னை இன்னும் குறுக வைத்தது. "விட்டனான். தாய்ப்பால்" என்றேன் நிலத்தைப் பார்த்து.

"இனி விடாதேங்கோ ஐயா, கிருமி பிடிக்கும்" என்றதோடு டொக்டர் அதை விட்டுவிட்டார். பிறகு மகளிடம் சொன்னார்: "திரையையே பாத்துக்கொண்டிருந்தால் கண் சிமிட்டுறது குறைஞ்சு, கண் காய்ஞ்சுபோம். இடைக்கிடை தலையை நிமித்தித் தூரப் பாக்கிறேல்லையோ?"

"பாத்தால் அப்பா ஏசுவார் டொக்டர். பராக்குப் பாக்கிறன் எண்டு."

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். டொக்டரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டத்தில் நின்றபடியே யன்னலால் அவளைக் கவனித்துக்கொண்டிருப்பேன். தலை நிமிர்ந்தால் போதும், "அங்கை என்ன பராக்கு? படி!" என்று கத்துவேன். வகுப்பில் யன்னலால் வெளியே பார்த்துப் பார்த்தே படிப்பைக் கோட்டைவிட்டவன் நான். அவளும் அப்படி ஆகிவிடுவாளோ என்ற பயம். அந்தப் பயத்தால் அவளுடைய கண்ணுக்கு ஓய்வு கொடுக்காமல் வைத்திருந்தது நானேதான்.

அடுத்த நாள் வகுப்பு நடந்தது. நான் யன்னலுக்கு நேரே புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மகள் தலையை நிமிர்த்தினாள். தூரத்தை அல்ல, முதலில் நான் இருக்கும் இடத்தைத்தான் பார்த்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று திரையில் குனிந்துவிட்டாள்.

நான் அங்கே இருந்தால் அவள் நிமிரமாட்டாள். எழும்பி வீட்டின் பின்பக்கம் போனேன். அன்று வகுப்பு முடியும் வரைக்கும் கிணற்றடியிலேயே குந்தியிருந்தேன். அங்கே பிடுங்குவதற்குப் பெரிதாகப் புல் இருக்கவில்லை.