ஆறரை மணி விசில்

என் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் என் மகளே காது கொடுப்பாள். நான் எலியைப் பார்த்தால் பெருச்சாளி என்பேன், பெருச்சாளியைப் பார்த்தால் கன்றுக்குட்டி என்பேன். பிறவிக் குணம். ஆனால் இப்போது சொல்லப்போவதில் ஒரு சொட்டுக்கூடக் கழிக்காதீர்கள். புதன்கிழமை காலை ஐந்து ஐம்பத்திரண்டிலிருந்து பதினொன்று இருபத்தைந்து வரை நடந்தது. கையில் கடிகாரம் இருந்தது. இடுப்பில் இன்றைக்கும் இரும்புத் தகடு இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து தட்டிப் பார்க்கலாம்.

முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். எழுபத்தொரு வயது. மனைவி போய்ச் சேர்ந்தபின் மூன்றாவது மாடி வீட்டில் தனிக்கட்டை. எதிர் வீட்டில் இன்னொரு தனிக்கட்டை, ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ‘கார்டு’தான். ஓய்வு பெற்றாலும் பித்தளை விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாத மனிதர். குளிக்கும்போதும் அதோடுதான் குளிக்கிறார் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. தினமும் காலை ஆறரைக்கு அவர் ஜன்னலில் நின்று இரண்டு குட்டை விசில் ஊதுவார். நான் ஜன்னல் கம்பியில் டம்ளரால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். டங்... டங். ‘இருக்கிறேன்’ என்று அர்த்தம். பதில் வராவிட்டால் அவர் என் சாவியைப் போட்டுத் திறந்து வர வேண்டும். விசில் வராவிட்டால் நான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். என் சாவி அவர் வீட்டு ஆணியில், அவர் சாவி என் வீட்டு ஆணியில்.

நல்ல ஏற்பாடுதான். அதைக் கெடுத்தது என் வாய்க்கொழுப்பு, இல்லை, கைக்கொழுப்பு.

ஒருநாள் வேண்டுமென்றே டம்ளரைத் தட்டாமல், போர்வையை முகம்வரை இழுத்து, மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கார்டு திறந்துகொண்டு ஓடி வந்தார். போர்வையை விலக்கினார். நான் கண்ணைத் திறந்து, “டிக்கெட் எடுத்தாச்சா சார்?” என்றேன்.

மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. பிறகு சொன்னார்.

“இனிமே உங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டேன். விசில் மட்டும் ஊதுவேன். அது டூட்டி.”

“கோவிச்சுக்காதீங்க சார், சும்மா ஒரு...”

“டூட்டி வேற, நீங்க வேற.”

அன்றோடு பேச்சு நின்றது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கிழவனுக்கு வீம்பு வந்தால் குழந்தையைவிட மோசம். எதிரெதிர்க் கதவு, நடுவில் ஐந்து அடி. ஐந்து வாரம் அந்த ஐந்தடியை நான் தாண்டவில்லை.

அதோடு விட்டேனா? பேசாதவனுக்காக நான் எதற்கு ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம். டம்ளர் சத்தத்தை என் போனில் பதிவு செய்தேன். ஆறு மணி முப்பது நிமிடம் பத்து விநாடிக்கு அதுவே ஒலிக்கும்படி அமைத்து, ஒரு சின்ன ஸ்பீக்கரோடு ஜன்னலில் வைத்தேன். மெக்கானிக் மூளை சும்மா இருக்குமா? அதன்பின் நான் தூங்கினாலும் என் டம்ளர் விழித்திருந்து பதில் சொன்னது.

அந்தச் சாதனையை எண்ணி எண்ணிச் சிரித்தேன். அந்தப் புதன்கிழமை வரை.

இதற்கு நடுவில் என் மகள் ஒரு பட்டன் வாங்கி அனுப்பியிருந்தாள். கழுத்தில் மாட்டிக்கொண்டு, விழுந்தால் அழுத்த வேண்டுமாம். அவளுக்கு மணி அடிக்குமாம். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அவளிடமிருந்து போன்.

“அப்பா, பட்டன் கழுத்துல இருக்கா?”

“இருக்கும்மா.” அது சட்டை மாட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

“சத்தியமா?”

“மாட்டுக்கு மணி கட்டின மாதிரி இருக்கும்மா. ஆட்டினா பால்காரன் வந்துருவான்.”

“சிரிங்க. இன்னொரு தடவை விழுந்தீங்க, வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துரணும். பேச்சே கிடையாது.”

அவள் வீட்டில் எனக்கு ஒரு கட்டில் இருக்கிறது, அன்பு இருக்கிறது, என் இஷ்டத்துக்கு விளக்கணைக்கும் உரிமை இல்லை. எனக்கு இந்த மூன்றாவது மாடிதான் வேண்டும். அதற்காகத்தான் அத்தனை பொய்யும்.

செவ்வாய்க்கிழமை ஒரு விஷயம் கண்ணை உறுத்தியது. கார்டு வீட்டு வாசல் விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டு விளக்கையும் சேர்த்து அணைக்கிற மனிதர் அவர். கதவைத் தட்டலாமா என்று நினைத்தேன். கைகூட உயர்ந்தது. காலையில் விசில் வந்ததே, ஆள் இருக்கிறார், நமக்கென்ன என்று இறக்கிவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. விசிலுக்குப் பிறகு அவர் தொண்டையைச் செருமுவார். க்கும்... என்று. கொஞ்ச நாளாக அந்தச் செருமல் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வந்தது. இந்த மனிதருக்குத் தொண்டைகூட அட்டவணைப்படிதான் ஓடுகிறது என்று சிரித்துக்கொண்டேன்.

புதன்கிழமை. ஐந்து ஐம்பத்திரண்டு.

குளியலறை. எங்கள் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். வாளியை வைத்துத் திறந்துவிட்டுத் திரும்பினேன். கால் வழுக்கியது. நான் விழுந்த சத்தத்தில் தரைத்தளம் வரை நிலநடுக்கம் என்று வெளியே ஓடியிருப்பார்கள். சரி, அது என் வழக்கமான அளப்பு. யாரும் ஓடவில்லை. யாருக்கும் கேட்கவே இல்லை.

இடுப்பில் ஏதோ முறிந்தது. இடது பக்கமாகக் கிடந்தேன், தலை சுவருக்கும் கழிப்பறைப் பீங்கானுக்கும் நடுவில். அசைந்தால் கண்ணுக்குள் மின்னல். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தேன். தனியாக இருப்பவன் யாருக்குப் பயந்து தாழ்ப்பாள் போடுகிறான்? என்னைக் கேட்காதீர்கள். ஐம்பது வருடப் பழக்கம்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? முதலில் எனக்கு உயிர்ப்பயம் வரவில்லை. ஐயோ, மகளுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் வந்தது.

பிறகு சமாதானம் செய்துகொண்டேன். ஆறரை ஆகட்டும். விசில் வரும். நான் பதில் தட்ட மாட்டேன். கார்டு சாவியோடு வருவார். திட்டுவார். திட்டட்டும். ஐந்து வாரத் திட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.

ஆறு முப்பது.

இரண்டு குட்டை விசில். பிறகு... க்கும்.

“கார்டு சார்! விழுந்துட்டேன்! வாங்க!” என்று கத்தினேன்.

பத்து விநாடி.

டங்... டங்.

என் ஜன்னலிலிருந்து. என் டம்ளர். ‘இருக்கிறேன், சௌக்கியம்’ என்று என் சார்பில் அதுவே பதில் சொல்லிவிட்டது.

நான் கத்தியது எனக்கே கேட்காமல் போயிற்று. முப்பத்தெட்டு வருடமாக, நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் ‘பயப்படாதீங்க, மணியை அழுத்துங்க’ என்று சொன்னவன் நான். என் மணியை நானே ஊமையாக்கியிருந்தேன்.

எட்டேகாலுக்குக் காதில் குளிர்ந்தது.

தண்ணீர். வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. விழும்போது நான் இழுத்த துண்டு, தண்ணீர் போகிற துளையை அடைத்திருந்தது. கதவடியில் நாலு அங்குலத் தடுப்பு. நாலு அங்குலத் தண்ணீரில் ஆள் மூழ்க முடியுமா? கிடக்கிற விதத்தில் கிடந்தால் முடியும்.

ஒன்பதரை. காது மூழ்கியது. தலையைத் தூக்கினால் ஐம்பது எண்ணும்வரைதான் கழுத்து தாங்கியது.

பத்து நாற்பது. வாயோரம் வந்தது. துப்பினேன். மறுபடி வந்தது. கழுத்து இருபதுவரைதான் தாங்கியது.

கீழே எங்கோ ஒரு ஸ்கூட்டர் கிளம்பியது. உலகம் வேலைக்குப் போய்விட்டது.

பதினொன்று இருபது.

ஒரு விசில்.

குட்டை விசில் இல்லை. நீளமானது. ஒன்றே ஒன்று. நீண்டு... நீண்டு... நின்றது.

கார்டு ஒருமுறை சொல்லியிருக்கிறார். ரெண்டு குட்டை, போகலாம். ஒரு நீளம், நிறுத்து.

குழாய் நின்றது.

யாரும் தொடவில்லை. என் கண்ணெதிரே அந்த நூல் மெலிந்து... மெலிந்து... அறுந்தது.

கடைசிச் சொட்டு விழுந்த சத்தம் கேட்டது. டப்.

வாசலில் சாவி திரும்பியது. க்ளிக்.

“கார்டு சார்?”

பூட்ஸ் சத்தம். டக்... டக்... டக்... கூடத்தைத் தாண்டி நேராகக் குளியலறைக்கு. அவசரமே இல்லாத நடை.

கதவுக்கு வெளியே நின்றது.

“சார்... தெரியாம பண்ணிட்டேன்... மன்னிச்சிருங்க...”

மூச்சுச் சத்தம்கூட இல்லை.

கதவின் மேல் கண்ணாடியில் சிவப்பு வெளிச்சம். ரயிலின் கடைசிப் பெட்டியில் ஆடுமே, அந்தச் சிவப்பு.

ஆடவில்லை. அசையவில்லை.

எண்ணினேன். நூற்றுப்பத்து... நூற்றுப்பதினொன்று...

பச்சையாக மாறியது.

இரண்டு குட்டை விசில். காதோரத்தில்.

செருமல் வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை.

பதினொன்று இருபத்தைந்துக்கு வாட்ச்மேன் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அதன்பின் ஆஸ்பத்திரிக் கூரைதான் எனக்கு நினைவிருக்கிறது.

நான்காம் நாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. வாட்ச்மேன் பார்க்க வந்தான்.

“கார்டை வரச் சொல்லுப்பா. அவர் கால்ல விழறேன். இப்ப குனிய முடியாது, கடன் வெச்சுக்கச் சொல்லு” என்றேன்.

வாட்ச்மேன் மகளைப் பார்த்தான். மகள் தரையைப் பார்த்தாள்.

“சார்... அன்னைக்கு நீளமா விசில் கேட்டுச்சு. கார்டு சார்தான் கூப்பிடறாருன்னு மேல ஓடினேன். உங்க கதவு திறந்து கிடந்துச்சு, சாவி பூட்டுலயே தொங்கிச்சு. வெளிச்சுவர்ல இருக்கற உங்க தண்ணி வால்வு மூடியிருந்துச்சு.”

அந்த வால்வு துருப்பிடித்தது. ஸ்பேனர் இல்லாமல் என்னாலேயே திருப்ப முடியாது.

“உங்களை ஏத்தி அனுப்பிட்டு, அவருக்குச் சொல்லலாம்னு கதவைத் தட்டினேன். திறக்கல. உடைச்சுத்தான் போனோம். நாற்காலியில உட்கார்ந்த மாதிரியே இருந்தார். திங்கட்கிழமை ராத்திரியே போயிட்டாராம், டாக்டர் சொன்னார்.”

“போடா! செவ்வாய்க்கிழமை விசில் ஊதினாரு. புதன்கிழமை ஊதினாரு. நானே கேட்டேன்.”

“ஜன்னல்ல அவர் போன் சார்ஜ்ல இருந்துச்சு சார். மறுநாள் காலைல ஆறரைக்கு அதுவா ஊதுச்சு. நாங்க எல்லாரும் நடுங்கிட்டோம்.”

கார்டும் பதிவு செய்து வைத்திருக்கிறார்! டூட்டி, டூட்டி என்று என்னிடம் முறைத்த மனிதர்! எத்தனை நாளாக, தெரியவில்லை. தினமும் ஆறரைக்கு ஒரு போன் ‘இருக்கியா?’ என்று கேட்க, இன்னொரு போன் ‘இருக்கேன்’ என்று சொல்லியிருக்கிறது. நடுவில் இரண்டு கிழவர்கள் குறட்டை விட்டிருக்கிறோம். கடைசி இரண்டு நாள், ஒருவர்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது. பிறகு அழுகை வந்தது. அதற்கும் இடுப்பு வலித்தது.

பிற்பாடு, சாவுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த கார்டின் மகன் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினான். இரண்டு குட்டை விசில், ஒரு செருமல். அவ்வளவுதான். போனில் நீள விசில் எங்குமே இல்லை.

“கதவை உடைச்சோம்னு சொன்னியே, பூட்டையா?” என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

“பூட்டு இல்ல சார். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. மேலயும் கீழயும்.”

“என் சாவி மாட்டற ஆணி?”

“காலியா இருந்துச்சு சார்.”

மூன்று மாதம் மகள் வீட்டில் இருந்தேன். பிறகு கெஞ்சி, கொஞ்சி, சத்தியம் செய்து என் மூன்றாவது மாடிக்கே திரும்பிவிட்டேன். பட்டன் கழுத்தில் இருக்கிறது, தூக்கத்திலும். குளியலறையில் தாழ்ப்பாளே கிடையாது. போனிலிருந்த டம்ளரை அழித்துவிட்டேன். ஆறரைக்கு நானே எழுந்து, என் கையால் தட்டுகிறேன்.

எதிர் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கார்டின் மகன் கொண்டு போய்விட்டான். போனையும், விசிலையும்தான்.

தட்டியவுடன் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவேன். பாட்டின் மேல் ஆசையால் இல்லை. போன செவ்வாய்க்கிழமை ரேடியோ போட ஒரு நிமிடம் தாமதமாகிவிட்டது.

டங்... டங்.

அமைதி.

பிறகு, எதிர் ஜன்னலிலிருந்து...

க்கும்.