மழைக்குள் நாய்களோடு போன ஞானம் அக்கா

செய்தி வந்தபோது, மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் நான் வேலை செய்யும் கடையில் கத்தரிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தேன். "வதனா, ஞானம் அக்கா மோசம் போயிட்டா" என்றார், கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் அவரோடு பாடும் ஒருவர். "என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? முந்தநாள்தானே என்னோடை சண்டை பிடிச்சவ!" என்று கத்திவிட்டேன். நித்திரையில் போன உயிராம். ஒருவருக்கும் சொல்லாமல் கிளம்புகிற ஆள் இல்லையே அவர்! கையுறையைக்கூடக் கழற்றாமல் மெட்ரோவுக்கு நடந்தேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. ஆனாலும் சொல்வேன், சொல்ல ஆசையாக இருக்கிறது. மன்னாரில் பிறந்து மொன்றியலில் ஸ்கூல் பஸ் ஓட்டியவர். கணவர் இறந்த பிறகு இல்-பிசார் வீட்டில் அவரோடு இருந்தவை இரண்டு நாய்கள். நெடுத்துக் கறுத்தவள் சீமாட்டி, குட்டைக் கால்காரன் கட்டையன். நாயை வீட்டுக்குள் வைத்திருக்கிறாரே என்று முகம் சுளித்தவர்களில் நானும் ஒருத்தி. "நாய் உள்ளுக்கை. பிடிக்காதவைக்கு வெளியிலை கதிரை கிடக்கு" என்பார். ஊரில் விட்டுவிட்டு வந்த நாயின் நினைவாகத்தான் வளர்க்கிறார் என்று கோயிலில் ஒரு கதை உலாவியது. அதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "ஊரிலை எங்களிட்டை ஆடுதான் நிண்டது. எனக்கு நாயைப் பிடிக்கும், அவ்வளவுதான். எல்லாத்துக்கும் ஒரு கண்ணீர்க்கதை வேணுமோ உங்களுக்கு?"

என் தம்பி பாலன் அப்போது நியூஜெர்சியில், அகதி வழக்கு முடியாமல் கிடந்தான். எல்லை தாண்டி இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. அப்பா என்னோடு இருந்து இங்கேதான் இறந்தார். கொள்ளி வைக்க ஒரே மகன் இல்லை, ஒன்றுவிட்ட அண்ணைதான் வைத்தார். அதற்குப் பிறகு தம்பியும் நானும் தொலைபேசியில் குளிரையும் வேலையையும் பற்றித்தான் கதைப்போம். அப்பாவின் பேச்சை இரண்டு பேரும் எடுப்பதில்லை. எனக்குக் கனடாக் குடியுரிமை கிடைத்த கோடையில் ஞானம் அக்கா தீர்ப்புச் சொன்னார்: "அவன் வரேலாது, நீ போகலாம். எல்லைக்கு அங்காலை வெர்மொன்ட்டிலை, ஏரிக்கரையிலை ஒரு கொட்டேஜ் எடுப்பம். அவன் அங்காலையாலை வரட்டும், நாங்கள் இங்காலையாலை போவம்."

"அப்ப நாயளை ஆர் பார்க்கிறது?" என்று கேட்டேன்.

"நாயள் வரேல்லையெண்டா நானும் வரேல்லை. நீ நடந்து போ."

நாய்களுக்கு ஊசி போட்ட பத்திரமெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. எல்லையில் மாட்டியது என்னுடைய கறிச்சட்டி. பாலனுக்குப் பிடிக்குமென்று ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சி, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார்: இறைச்சி உள்ளே வரமுடியாது, இங்கே எறியுங்கள் அல்லது திரும்பிப் போங்கள். புதுக் கடவுச்சீட்டுக்குப் பயந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போனேன். "எறிவம் அக்கா" என்றேன். "ஆட்டுக்கறியை எறியிறதோ? உனக்கென்ன விசரோ?" என்று காரைத் திருப்பிவிட்டார். எல்லையின் எங்கள் பக்கம் இருந்த பெற்றோல் நிலையத்தடியில், ஒரு மரவாங்கில் உட்கார்ந்து, அங்கே கடையில் வாங்கிய பாணோடு அவ்வளவையும் சாப்பிட்டோம். எலும்பில்லாத துண்டுகளை உறைப்புப் போகக் கழுவி நாய்களுக்கும் கொடுத்தார். தம்பி காத்துக்கொண்டு நிற்பானே என்று எனக்கு அழுகை வந்தது. "வெறுவயித்தோடை போனா அழத்தான் வரும். தின்" என்றார். மறுபடி போனபோது அதே அதிகாரி, இறைச்சி எங்கே என்றார். அக்கா தன் வயிற்றில் தட்டிக் காட்டினார். மனிதர் சிரித்துவிட்டு எங்களைப் போகவிட்டார்.

பாலன் கொட்டேஜ் வாசலில் நின்றான். முன்தலை வழுக்கை விழுந்து, அப்பாவின் நெற்றி அப்படியே. கட்டிப்பிடித்தோம். அதற்குப் பிறகு கதை வரவில்லை. "பயணம் எப்பிடி?" "பரவாயில்லை." "அங்கை குளிரோ?" கொளுத்தும் கோடையில் குளிரைக் கேட்கிறான்! அக்கா பஸ் பிள்ளைகளின் கதைகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தார், நாய்கள் ஏரியில் பாய்ந்து வந்து எங்கள் மேல் உதறின. நாங்கள் இருவரும் மட்டும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். மறுநாள் பின்னேரம் அவன் வேலைக்குத் திரும்பவேண்டும். இப்படியே போய்விடப் போகிறானே என்று எனக்குப் பயமாக இருந்தது.

காலையில் மழை ஊற்றியது. மூன்று பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா எழும்பினார். "நாயளுக்கு நடக்கவேணும் போலை கிடக்கு. கூட்டிக்கொண்டு போட்டு வாறன்." நாய்களுக்கா? கட்டையன் கதிரைக்குக் கீழே படுத்து அசைய மறுத்தான். சீமாட்டி வாசல்வரை வந்து, மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "பாருங்கோ, என்ன அவசரம் இதுகளுக்கு!" என்றபடி ஒன்றைத் தூக்கி, மற்றதை இழுத்துக்கொண்டு, குடையும் இல்லாமல் இறங்கிப் போனார்.

கதவு சாத்தியதும் பாலன் கோப்பையைப் பார்த்தபடியே கேட்டான்: "அக்கா, அப்பா கடைசியிலை என்னைக் கேட்டவரோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

"கொள்ளி வைக்கக்கூட நான் வரேல்லை..."

"உன்னாலை வரேலாதெண்டு அவருக்குத் தெரியும். அவனைக் கோவிக்காதையெண்டு என்னட்டைச் சொன்னவர். நான்தான் கோவிச்சுக்கொண்டு இருந்தனான்."

அவன் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். நானும் அழுதேன். அப்பாவுக்காக நாங்கள் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். சொட்டச் சொட்ட நனைந்து அக்கா திரும்பி வந்தபோது எங்கள் முகத்தைப் பார்த்திருப்பார். "துடைக்கத் துவாயைக் கொண்டாங்கோ, நாய் நாறுது" என்றார்.

அடக்கத்துக்கு முதல்நாள் அவர் வீட்டுக்குப் போனேன். வன்கூவரிலிருந்து வந்த மகனும், இங்கே பக்கத்தில் புரோசார்ட்டில் இருக்கும் மகளும் சமையலறையில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததுதான் அக்காவுக்கு இருந்த ஒரே கவலை. நடுவில் நான், ஓயாமல் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று எனக்கே உறைத்தது. வாயை மூடினேன். நாய்களை மகள் ஏற்கெனவே தன் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள், இல்லாவிட்டால் அவற்றைச் சாட்டி வெளியே போயிருப்பேன்.

"காரிலை பனி மூடியிருக்கும். வழிச்சுப்போட்டு வாறன்" என்று எழும்பினேன். வெளியே முழங்கால் பனி. விரல் விறைக்கும்வரை நின்றேன். முதலில் மகளின் அழுகை கேட்டது, பிறகு மகன் ஏதோ சொல்வது கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஞானம் அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான், எப்போது எழும்பி வெளியே போகவேண்டும் என்பது. எனக்குக் கார் இல்லை. ஓட்டவும் தெரியாது.