முட்டையைத் தாண்டிய பிலோயா

பிலோயாவைப் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்து வழியில் கிளர்ச்சிப் படை பிடித்துக்கொண்டு போயிற்று. தப்பி வந்தபோது பத்தொன்பது. இடையில் ஏழு வருடம் காட்டில் துப்பாக்கி தூக்கியிருந்தாள். குலு நகரத்தில், மீண்டு வந்தவர்களுக்கான விடுதியில் மூன்று மாதம் வைத்திருந்து, தோள் காயத்தை ஆற்றி, ஒரு பாயும் போர்வையும் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

வீட்டு வாசலில் எல்லாம் தயாராக இருந்தது. அழுக்குப் போக்கும் ஒபோபோ மரக்குச்சி, குதிர் மூடியைத் தாங்கும் கவட்டைக் கம்பு, நடுவில் ஒரு கோழிமுட்டை. ஊர் வழக்கப்படி முட்டையை மிதித்து உடைத்தால் காட்டில் நடந்தது காட்டோடு போயிற்று, அவள் மறுபடி அந்த வீட்டுப் பெண். உடைக்காமல் உள்ளே வர முடியாது.

பிலோயா நேராக நடந்து வந்தாள். முட்டைக்கு ஓரடி முன்னால் நின்றாள். பிறகு ஒரே தாவலில் அதைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்தாள்.

குலவையிட வாயைத் திறந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"என்னடி பண்ணிட்ட!" என்று பெரியப்பா ஒலன்யா கத்தினார். "வெளிய போ! சின்ன வயசுல எத்தனை தடவை பாத்திருக்க, மறந்துட்டியா?"

"மறக்கல பெரியப்பா. காலு வரமாட்டேங்குது."

வெளியே போய் மறுபடி வந்தாள். காலைத் தூக்கினாள். அது முட்டைக்கு மேலேயே நின்றது. பின்வாங்கினாள்.

"காட்டுல செத்தவங்க இவள விடமாட்டேங்கறாங்க," என்று பக்கத்து வீட்டுக்காரி முணுமுணுத்தாள். "விடுதிக்கே திருப்பி அனுப்பிடுங்க."

பிலோயாவுக்கு அது நன்றாகவே கேட்டது. அம்மா அசீரோ வாசல்வரை வந்து, அதைத் தாண்டாமல் நின்றாள்.

"அதுல என்னத்தம்மா பாக்குற?"

"மண்ணு புதுசா கிளறியிருக்கும்மா. காட்டுல அப்படி இருந்தா அடியில கண்ணிவெடி, மிதிக்கக் கூடாது. எனக்கு முன்னால போனவ மிதிச்சா. ரெண்டாவதா போனதாலதான் நான் இருக்கேன்."

அத்தை லாமுனு முன்னால் வந்தாள்.

"கிளறினது நான்தான்டி. முட்டை உருண்டு உருண்டு ஓடுச்சு, குழி பறிச்சு வெச்சேன். என்மேல நம்பிக்கை இல்லன்னா நீயே தோண்டிப் பாத்துக்கோ."

பிலோயா தரையில் குப்புறப் படுத்தாள். கவட்டைக் கம்பை எடுத்து, சாய்வாக, மெல்ல, முட்டையைச் சுற்றி மண்ணைக் குத்திப் பார்த்தாள்.

"ஐயோ, அது குதிர்க் கம்பு!" என்றார் பெரியப்பா.

"குதிர்ல இப்ப எலிதான் இருக்கு. சும்மா இருங்கண்ணே," என்றாள் அத்தை.

கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் விரலை விட்டு முட்டைக்கு அடியில் தடவினாள். எழுந்து வயிற்று மண்ணைத் தட்டினாள்.

"ஒண்ணும் இல்ல," என்றாள், தனக்குத்தானே.

வலது காலை வைத்தாள். ஓடு நொறுங்கியது. மஞ்சள் கரு விரலிடுக்கில் வழிந்தது. கிளம்பிய குலவையில் கோழிகள் சிதறி ஓடின. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சாப்பாடு ஆகும்வரை விடவில்லை.

இப்போது பிலோயா சந்தையில் எள் விற்கிறாள். மூன்று பிள்ளைகள். காட்டைப் பற்றிக் கேட்டால் விலையைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். முட்டை விஷயத்தை மட்டும், அத்தை மாதிரியே பேசிக் காட்டிச் சிரிப்பாள்.

அன்றைக்குப் புளிச்ச கீரையும் கேழ்வரகுக் களியும் மூன்று தடவை வாங்கித் தின்றாள். நடுப்பகலில், அத்தனை பேர் பேச்சுக்கும் நடுவே, விடுதியில் தூங்கியதுபோல் சுவரில் சாய்ந்து உட்காராமல், நீட்டிப் படுத்துத் தூங்கிப்போனாள்.